அக்காவுக்கு ஒரு ப்ளூ-ரே பிளேயர்

"வைகாசி 14, சனி. திண்டிவனம். அக்கா மகனின் கல்யாண வரவேற்பு. நினைத்ததைவிடக் கூட்டம். பாட்டுக் கச்சேரிக்கு நடுவில் மாமா மைக்கை வாங்கிப் பேசினார், இரண்டே வாக்கியம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை."

என் நாட்குறிப்பில் அந்தக் கல்யாணத்தைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். மாமா என்பது அக்காவின் கணவர். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் எடை சொல்லும் வேலை பார்த்தவர். மூட்டை தராசில் ஏற ஏற, எடையை உரக்கக் கூவ வேண்டும், கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார். முப்பது வருஷம் தொலித்தூசிக்குள் நின்று கூவியதில் அவருக்குத் தொண்டை கட்டிப்போய், சாதாரணமாகப் பேசினாலே ஏதோ ரகசியம் சொல்வதுபோல் இருக்கும். கூட்டத்தில் பேசுகிறவர் அல்ல. அதனால்தான் மைக்கைப் பிடித்ததை நான் எழுதி வைத்திருக்கிறேன். என்ன பேசினார் என்று எழுதவில்லை.

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அடுத்த வைகாசி வருவதற்குள் பெண் ஒலக்கூர்ப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கு அடுத்த பங்குனியில் மாமா மண்டியில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு அதற்கும் பின்னால் வந்தது. மூன்றும் இந்த வரிசையில்தான் நடந்தன. இப்போது அக்காவிடம் கேட்டால் தீர்ப்பைப் பார்த்துத்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்பாள். நான் திருத்துவதில்லை.

போன ஆடியில் ஒருநாள் காலை அக்கா போன் செய்தாள். நான் ரயில்வேயில் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் இருக்கிறேன். அவள் திண்டிவனத்தில் தனியாக இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு முறை பேசுவோம். அன்று அவள் நலம் விசாரிக்கவில்லை.

"டேய், அவரு மூஞ்சி கண்ணு முன்னாடி நிக்குது. கொரலு வர மாட்டேங்குதுடா."

"எந்தக் குரலு அக்கா?"

"அவரு கொரலுதான். நேத்து ராவுல இருந்து யோசன பண்ணிக்கினு கீறேன். என்னக் கூப்புடுவாரே, அது எப்டி இருக்கும்னு நெனப்பே வரல."

மாமா கடைசி வரைக்கும் பட்டன் போன்தான் வைத்திருந்தார். மகனுடைய பழைய செல்போனில் இருந்த பதிவுகள் அந்த செல்போனோடு போயின. எஞ்சியிருந்தது கல்யாண வீடியோ. வரவேற்பில் அவர் மைக்கில் பேசினாரே, அது அதில் இருக்கும் என்றாள் அக்கா. பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுத்து வந்ததாம். "காலி டிஸ்க்கக் குடுத்து ஏமாத்திட்டானா அந்த ஸ்டுடியோக்காரன்?"

ஏமாற்றவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்கள் பெரிய ஆல்பத்தோடு 'ஹெச்.டி. பேக்கேஜ்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் வீடியோவை டிவிடியில் தராமல் ப்ளூ-ரே என்ற டிஸ்க்கில் தருவார்கள். பெண் வீட்டுக்கு ஒன்று, பிள்ளை வீட்டுக்கு ஒன்று. அக்கா மகன் அதைத்தான் பிடிவாதமாகக் கேட்டான். தீபாவளிக்குள் பிளேயர் வாங்கிவிடலாம் என்றான். தீபாவளிக்குள் வீட்டு நிலைமை வேறாகிவிட்டது. டிஸ்க் பூஜை அலமாரிக்குள் போனது. இத்தனை வருஷத்தில் அந்த வீடியோவை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். அக்கா அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். மேல்பக்கம் மணமக்கள் படம் அச்சாகியிருந்தது. திருப்பினேன். பளபளவென்று இருக்க வேண்டிய அடிப்பக்கத்தில் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம். ஒரு வருஷத்து வேலையல்ல. பழைய பொட்டின்மேல் புதிய பொட்டு, அடுக்கடுக்காக.

"இன்னா அக்கா இது?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது. மிக்ஸிக்கு வெக்கறேன், டிவிக்கு வெக்கறேன், இதுக்கு வெக்காம உட முடியுமா? அவரு இதுக்குள்ளதான கீறாரு."

"மேல வைக்கறதுதான? படம் படிக்கிற பக்கமே இதுதான்."

"மேல ரெண்டு பேரு படம் கீது. உசுரோட இருக்கறவங்க படத்துக்கு எவனாவது பொட்டு வெப்பானா?" அச்சுப் படத்தை எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு எங்கனா நல்லாருக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னதில் குறை காண முடியவில்லை. எங்கள் வீடுகளில் இறந்தவர் படத்துக்குத்தான் பொட்டு. அச்சுப் படத்தில் இருந்த இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். உள்ளே இருந்தவர் இல்லை. முகமில்லாத பக்கம் பார்த்து வைத்திருக்கிறாள்.

மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று படித்திருந்தேன். சந்தனம் ஊறி வந்துவிட்டது. விளிம்பை ஒட்டி ஒரு பழுப்புக் கறை மட்டும் போகவில்லை.

அதன்பிறகுதான் பிளேயர் தேடும் வேலை. நான் எதை வாங்கினாலும் முதலில் நிறையப் படிப்பேன். டிவிடியை ஒரு சிவப்பு ஒளி படிக்கிறது. ப்ளூ-ரேயை ஒரு நீல ஒளி. எழுத்து அவ்வளவு பொடி என்பதால் சிவப்பால் முடியாது. ஆகவே எவ்வளவு நல்ல டிவிடி பிளேயரும் உதவாது. இதைத் தெரிந்துகொண்டு விழுப்புரம் நேருஜி சாலையில் கடைகடையாக ஏறினேன்.

ஒரு கடைக்காரர் குடோனிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "எல்லாத்தையும் எடுக்கும் சார். பாருங்க, ஹெச்.டி.ன்னு போட்டுக்குது."

அந்த ஹெச்.டி., டிவிடி படத்தையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது. ப்ளூ-ரே படிக்காது. சொன்னேன்.

"அது எங்க சார் இப்ப கெடைக்கும்? டிஸ்க்குன்னு கேட்டுக்கினு வந்தவங்கள நான் பாத்தே ரொம்ப வருஷம் ஆவுது. இன்னா படம் சார் அது? சொல்லுங்க, போன்லயே எறக்கித் தர்றேன்."

"அது போன்ல வராதுங்க."

"அப்டி ஒரு படமா?" என்று பக்கத்தில் நின்றிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

எளிதான வழி ஒன்று இருந்தது. டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினால் பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அது வீட்ட வுட்டு வெளிய போவாது. இருக்கறது ஒண்ணு. பஸ்ல எவனாவது மேல ஒக்காந்தா?" கம்ப்யூட்டரில் மாட்டும் டிரைவ் வாங்கலாம் என்றேன். அதுவும் வேண்டாம். "நான் தனியா போட்டுப் பாக்கணும். ஒவ்வொரு தபாவும் உன்ன விழுப்புரத்துல இருந்து கூப்புட முடியுமா?"

ஆகவே பிளேயர்தான் வீட்டுக்கு வர வேண்டும். ரிமோட்டில் அவளே இயக்கும்படியும் இருக்க வேண்டும். புதிதாக வருபவை அவளுடைய டிவியைவிட விலை அதிகம். அவற்றில் வயர் மாட்ட ஹெச்.டி.எம்.ஐ. என்ற ஒரே ஒரு பொத்துதான். அக்கா டிவியிலும் அந்தப் பொத்து ஒன்றுதான். அதில் கேபிள் பெட்டி மாட்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் டிவிக்குப் பின்னால் குனிந்து அதைப் பிடுங்கி இதை மாட்ட அவளால் ஆகாது. கொஞ்சம் பழைய பிளேயர்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பொத்துகளும் உண்டு. ஆனால் அதில் மாட்டினால் படத்தின் தெளிவு போய்விடும். தெளிவுக்காகத்தானே ப்ளூ-ரே என்று எனக்கு மனம் வரவில்லை. போனில் அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "படம் எனக்கு வேணாண்டா. சத்தம் வந்தாப் போதும்" என்றாள்.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் கோட்டக்குப்பத்து விளம்பரம் ஒன்று அகப்பட்டது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஒருவர், ப்ளூ-ரே பிளேயர், இரண்டு வகைப் பொத்தும் உண்டு என்று படம் போட்டிருந்தார். வெளிநாட்டு பிளேயர் நம் நாட்டு டிஸ்க்கைப் படிக்காது என்று எங்கேயோ வாசித்தது நினைவு வந்தது. மேலும் தேடியதில், அந்தத் தடை கம்பெனிகள் அச்சிட்டு விற்கும் சினிமா டிஸ்க்குகளுக்குத்தான், ஸ்டுடியோவில் எழுதித் தரும் டிஸ்க்குக்கு இல்லை என்று தெரிந்தது. மறுநாளே பஸ் ஏறினேன்.

மாடியில் ஒரு பெரிய டிவிக்கு அடியில், அட்டைப் பெட்டி கலையாமல் வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். டீ வந்தது.

"எந்தப் படம் சார் பாக்கப் போறீங்க?"

"கல்யாண கேசட்டு பாய். அக்கா மகன் கல்யாணம்."

"மாஷா அல்லாஹ். பையன் எங்க இருக்காரு?"

"ஸ்ரீபெரும்புதூர்ல. தனியா."

அவர் பேரப்பிள்ளைகளுடைய கார்ட்டூன் டிஸ்க் ஒன்றைப் போட்டுக் காட்டினார். தட்டு வெளியே வராமல் ஒருமுறை மக்கர் செய்தது. "சைடுல லேசாத் தட்டுங்க சார், தொறந்துக்கும். அங்கருந்து வந்த நாள்லருந்து இப்டித்தான். வேற பேஜாரு ஒண்ணும் பண்ணாது." பிளக்கின் மூன்று கால்களும் சதுரமாக இருந்தன. நம் பிளக் பாயின்டில் போகாது என்று ஒரு அடாப்டரையும் தேடி எடுத்துத் தந்தார். பெட்டியை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன்.

திண்டிவனம் போவதற்கு முன் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். அவனுக்குத் தெரியாமல் போடுவது சரியாகப் படவில்லை.

"அத எதுக்கு மாமா இப்ப கெளறிக்கினு?"

"அம்மா அப்பாவப் பாக்கணும்ன்றாங்கடா."

"போட்டோ மாட்டிக்குதே."

"குரல் கேக்கணுமாம்."

அந்தப் பக்கம் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. "நான் வர்றப்ப போடாம பாத்துக்குங்க" என்றான்.

ஞாயிறு மதியம் போட்டோம். அக்கா தலைக்குக் குளித்திருந்தாள். தெருக்கதவைச் சாத்தினாள், ஜன்னல்களையும் சாத்தினாள். இந்த வீட்டிலிருந்து நாதஸ்வரம் கேட்டால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்றாள். ஆவணிப் புழுக்கத்தில் இருவரும் டிவிக்கு முன் உட்கார்ந்தோம். முதல் தடவையாவது தெளிவாகப் பார்க்கட்டும் என்று கேபிள் பெட்டியைப் பிடுங்கிவிட்டு நான் ஹெச்.டி.எம்.ஐ.யில் மாட்டினேன். பிளேயர் நெடுநேரம் டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் இரண்டு இதயங்கள் சேர்ந்தன, அதற்குள் மணமக்கள் வந்தார்கள், ஒரு சினிமாப் பாட்டு தொடங்கியது.

தெளிவுக்குக் குறைவில்லை. மாமா வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கிறார். பட்டுச் சட்டையில் பெட்டி மடிப்பு கலையாமல் இருக்கிறது. நெற்றி வேர்வையில் திருநீறு கரைந்து புருவத்துக்கு இறங்குவதுகூடத் தெரிந்தது. "பட்டனு தொறந்து கெடக்குது பாரு. நான்தான போட்டு வுட்டேன்" என்றாள் அக்கா. அழவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பெண் அழைப்பு வந்தபோது படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். "சந்தனம் வெச்சதாலயா?" டிஸ்க்கே மலிவானதாக இருக்கலாம், வயதாகிவிட்டது என்றேன். அடுத்த பகுதிக்குத் தாண்டினேன், ஓடியது.

கச்சேரி வந்தது. பாடகர் குனிந்து மைக்கை நீட்டுகிறார். மாமா வேண்டாம் என்கிறார், யாரோ தள்ளுகிறார்கள், வாங்கிக்கொள்கிறார். கேமரா அவர் முகத்துக்கு அருகில் போகிறது. வாய் அசைகிறது. ஒரு காதல் பாட்டின் சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தம் வை" என்றாள்.

வைத்தேன். பாட்டு இன்னும் பலமாகக் கேட்டது.

"பாட்ட நிறுத்துடா."

"அத நிறுத்த முடியாது அக்கா. படத்தோட சேத்தே பண்ணிட்டான்."

"பாட்டு தனி, அவரு தனிதான? பாட்ட மட்டும் நிறுத்து."

தொடக்கத்திலிருந்தே கல்யாண வீட்டின் சத்தம் எதுவும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்கள் எல்லாமே அப்படித்தான். தாலி கட்டும்போது மட்டும் கெட்டிமேளம் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் சினிமாப் பாட்டு. எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஆனாலும் யோசிக்கவில்லை. ஒளியின் நிறம் வரைக்கும் படித்திருந்தேன்.

அக்கா ரிமோட்டை வாங்கி, எந்தப் பொத்தான் என்று கேட்டு, சத்தத்தை முழுக்க அணைத்தாள். திரும்பப் போடச் சொன்னாள். ஊமையாக மாமா பேசினார். உதட்டைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்ன்றாரு" என்றாள். அதற்கப்புறம் உள்ள வாக்கியம் அவளுக்கும் புரியவில்லை.

மறுநாள் அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். இப்போது அது செல்போன் ரிப்பேர் கடை, ஆள் அதே ஸ்டுடியோக்காரர்தான்.

"லைவ் சவுண்டு யாரு சார் வெப்பாங்க? ஒரே எரைச்சலா இருக்கும். எவன் எவன எதுக்குத் திட்றான்னுகூட ரெக்கார்டு ஆயிரும். வெச்சா பார்ட்டியே சண்டைக்கு வருவாங்க."

"ஒரிஜினல் எங்கனா இருக்குமா?"

"ஹார்டு டிஸ்க் ஃபுல்லாச்சின்னா அழிச்சிட்டு அடுத்த கல்யாணம் சார். அப்ப சீசன்ல மூச்சு வுட நேரம் ஏது?" யோசித்துவிட்டு, "அந்தக் கல்யாணம் நெனப்பு கீது சார். பாட்டெல்லாம் மாப்பிள்ளையே பாத்துப் பாத்து எழுதிக் குடுத்தாரு. எங்கயும் கேப் வுடாதீங்கன்னு சொன்னாரு" என்றார்.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

மூன்று நிறத்து வயர்களை மாட்டி, கேபிள் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு விழுப்புரம் திரும்பினேன். பிளேயர் தூசி படிந்து கிடக்கும் என்று நினைத்தேன். புரட்டாசியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஜல்தி வா. கெடச்சிட்டாரு" என்றாள். வேறு விவரம் சொல்லவில்லை.

அவள் தினமும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு முழு வீடியோவையும் கேட்டிருக்கிறாள். பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம் என்றாள். பந்தி பரிமாறும் இடத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் சின்ன இடைவெளி. எடிட்டிங் செய்தவர் அந்த இடத்தில் மட்டும் அசல் சத்தத்தை நீக்க மறந்திருக்கிறார். திரையில் இலைகள், சாம்பார் வாளி, பரிமாறுகிற கைகள். முகம் ஒன்றும் இல்லை. வாளி தரையில் உரசும் சத்தம், அதற்கு மேல் ஒரு ஆண் குரல்: "தண்ணி வெய்யி, தண்ணி வெய்யி." உடனே பாட்டு.

ரிமோட்டில் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடும் பொத்தான் இருந்தது. அதை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். ஓடவிட்டாள். தண்ணி வெய்யி, தண்ணி வெய்யி. தண்ணி வெய்யி, தண்ணி வெய்யி.

"அவருதான்."

கட்டிய குரல்தான். ஆனால் அன்று பந்தியைப் பார்த்துக்கொண்ட சமையல் கான்ட்ராக்டருக்கும் அடுப்புப் புகையில் தொண்டை அப்படித்தான் இருந்ததாக எனக்கு நினைவு. மாமா அந்த நேரத்தில் பந்திப் பக்கம் இருந்தாரா, வாசலிலா என்பதும் தெரியாது. இன்னும் சிலமுறை கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கும் அவர் குரல் எப்படி இருந்தது என்பது குழம்பத் தொடங்கியது.

"இருக்கலாம் அக்கா" என்றேன்.

"இருக்கலாம்னா இன்னா? அவருதான்டா."

"உன் பையனுக்குப் போன்ல போட்டுக் காட்டலாமா? அவனுக்குத் தெரிஞ்சிரும்."

அவள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "யாரையும் கேக்காத. அவன் இல்லன்னு சொல்லிட்டான்னா அப்பறம் நான் இன்னா பண்றது?"

நான் கேட்கவில்லை. டிஸ்க்கின் எந்தப் பகுதியில், எந்தப் பாட்டுக்கும் எந்தப் பாட்டுக்கும் நடுவில் அந்தக் குரல் வருகிறது என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன். அக்கா தினமும் அதைக் கேட்கிறாள் என்பதும் தெரியும். குரல் மாமாவுடையதுதானா என்பது, இதை எழுதும் நாள் வரை, உறுதி செய்யப்படவில்லை.